கறுப்புச் சிமிட்டல்

புதுப் பொருள்தான். பெட்டியில் ஒட்டியிருந்த நாடாவை அவள்தான் பல்லால் கடித்துக் கிழித்தாள். ஆனாலும் உள்ளேயிருந்த, புத்தகம் படிக்கிற அந்தச் சின்ன வாசிப்பானின் வெள்ளைத் திரையில், மெத்தையில் யாரோ உட்கார்ந்து எழுந்து போன மாதிரி லேசாக ஒரு தடம் இருந்தது. நைட்டியின் ஓரத்தால் துடைத்தாள். போகவில்லை. கோளாறு தன் கண்ணில்தான் என்று விட்டுவிட்டாள். நிம்மதியாகத் தூங்கி எத்தனையோ காலமாயிற்று, கண்ணும் எவ்வளவுதான் தாங்கும்?

தம்பி அனுப்பியது. வெளியூரில் இருந்துகொண்டு அவனால் முடிந்தது, அவ்வப்போது ஒரு பார்சலும் ஒரு போனும்தான். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். விளக்கு கிடையாது, சத்தம் கிடையாது, திரையைத் தொட்டாலும் அசையாது. ஓரத்தில் ஒரே ஒரு பட்டன்.

"என்னடா, இதுல ஒண்ணுமே இல்லையே?" என்றாள், போனை ஸ்பீக்கரில் போட்டு.

"ஒண்ணும் இல்லாததுதான்க்கா அதோட விசேஷமே. போனை நோண்டி நோண்டித்தான் உனக்குத் தூக்கமே போச்சு. இதுல படி, தானா கண்ணு சொக்கும்."

கட்டிலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "ஒண்ணுத்துக்கும் ஆகாத சாமான்தான் வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு படுத்துக் கிடக்கே. இன்னொண்ணு எதுக்குடா?"

அப்பா பஸ் ஓட்டினவர். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து படுக்கையானதிலிருந்து, பல் டாக்டரிடம் சீட்டுக் கொடுக்கிற வேலையை விட்டுவிட்டு அவள்தான் கூடவே கிடக்கிறாள். மாத்திரைக்கு ஒரு அதட்டல், கஞ்சிக்கு ஒரு அதட்டல். அதனால் அவர் அவளுக்கு வைத்த பேர் கண்டக்டர்.

மொழி, மணி, எழுத்தின் அளவு எல்லாவற்றையும் அந்த ஒற்றைப் பட்டனை வைத்தே ஓட்டியாக வேண்டும். வைஃபை பாஸ்வேர்டு போட்டு முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. கடைசியில் புத்தகம் திறந்தது. யாரோ கப்பலில் போகிற கதை. ஆனால் ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் திரை முழுக்கக் கறுத்து, பளிச்சென்று வெளுத்து, அப்புறம்தான் எழுத்து வந்தது. முகத்துக்கு நேரே யாரோ கண்ணைச் சிமிட்டுகிற மாதிரி. தலைவலிக்காரிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை.

"பழைய பக்கத்தைத் துடைச்சிட்டுத்தான்க்கா புதுசு வரும். துடைக்கலேன்னா பழசு மங்கலா ஒட்டிக்கிட்டே கிடக்கும். அது கரன்ட் இல்லாமலே நிக்கிற படம்."

"நிறுத்த வழி இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா..."

"நாள் பூரா துடைக்கிறவடா நான். அதுவாவது துடைக்காம இருக்கட்டும்."

அப்பா கட்டிலில் சிரித்தார். அவள் திரையில் வந்த தெரிவுகளில் கடைசியாக இருந்த 'வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

மத்தியான மாத்திரைக்கு அப்புறம் அப்பா அசந்துவிடுவார். அந்த நேரம்தான் அவளுடையது. வாசிப்பானில் விளக்கு இல்லாததால் ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். பின்னால், அப்பாவுக்குப் படுக்கைப் புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையின் சின்ன மோட்டார் ஒரு பக்கம் ஊதி மறுபக்கம் இறக்கி, வீட்டில் இன்னொரு ஆள் படுத்து மூச்சு விடுகிற மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கும். பவுடரும் தைலமும் ஈரத் துணியும் கலந்து, எத்தனை தரம் தரையைத் துடைத்தாலும் போகாத ஒரு வாடை ஜன்னல் வரைக்கும் வந்து அவள் பிடரியில் உட்கார்ந்துகொள்ளும். மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி, எந்தக் கதவும் திறக்காமல் நின்றுபோகும். அவள் பட்டனை அழுத்துவாள். பக்கம் சத்தமில்லாமல் மாறும். கண் சொக்கும். தம்பி சொன்னது சரிதான்.

ஆனால் பழைய பக்கங்கள் போகவில்லை. எழுத்துக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் தங்கிவிட்டன. வரி மேல் வரி படியப் படிய, அழுக்குத் துணியில் கறை சேருகிற மாதிரி, அங்கங்கே திட்டுத் திட்டாக இருட்டு சேர்ந்தது. ஒரு திட்டு மட்டும் எழுத்து படிந்த மாதிரி இல்லை. நீளமாக, கம்பி கம்பியாக இருந்தது. கட்டிலின் பக்கக் கம்பி மாதிரி.

தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். அடுத்த நாள் கம்பிக்குப் பின்னால் கட்டிலும் வந்திருந்தது. அதற்கடுத்து கட்டிலில் ஒரு ஆள். தள்ளி ஒரு ஜன்னல், நாற்காலி, நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு ஒருத்தி. கதவு இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் இந்த அறை எப்படித் தெரியுமோ அப்படி. வாசிப்பானில் கேமரா எதுவும் இல்லை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அன்றைக்குக் கஞ்சி ஊட்டும்போது அப்பா கேட்டார். "ஏம்மா, நேத்து அவ்ளோ நேரம் என் தலைமாட்டுலயே நின்னுக்கிட்டு இருந்தியே, எதுக்கு?"

"நான் எங்கப்பா நின்னேன்? அங்க உட்கார்ந்துல்ல படிச்சிட்டிருந்தேன்."

"போடி. டிக்கெட் வாங்காத ஆளைப் பாக்கிற மாதிரி என்னையே பாத்துக்கிட்டு நின்னே. கூப்பிட்டேன். வாயே திறக்கல."

"மாத்திரை மயக்கம். வாயைத் திறங்க."

அவர் திறந்தார். ஸ்பூன் பல்லில் இடித்தது.

அன்றைக்குப் படிக்க வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கப்பல் கதை எப்போதோ பின்னுக்குப் போய்விட்டிருந்தது. எழுத்தெல்லாம் மேலே மிதக்கிற தூசு மாதிரி. அடியில் அறை. நாற்காலியில் ஒருத்தி இருந்தாள். கட்டிலின் தலைமாட்டிலும் ஒருத்தி நின்றாள்.

சட்டென்று திரும்பினாள். யாருமில்லை. அப்பா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மெத்தை மூச்சு விட்டது.

மறுபடி திரையைப் பார்த்தாள். நிற்கிறவளுக்கு ஒரு தோள் இறங்கியிருந்தது. அப்பாவைத் தூக்கித் தூக்கி இவளுக்கு இறங்கின அதே தோள். அவிழ்ந்து தொங்குகிற அதே பின்னல். எவ்வளவு அலுத்துப் போன ஒருத்தி அப்படி நிற்பாள் என்று இவளுக்குத் தெரியும். ஒரு விடியற்காலையில், விரிப்பை மறுபடியும் மறுபடியும் மாற்றிவிட்டு, இது முடிந்தால் தேவலை என்று மனசில் ஒரு வார்த்தை வந்தபோது, இவளும் அதே இடத்தில்தான் நின்றாள். வாயால்கூடச் சொல்லவில்லை. உடனே போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அப்பாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அது மட்டும்தான் அவள் கேட்பதெல்லாம். சத்தியமாக அது மட்டும்தான்.

பட்டனை அழுத்தினாள்.

நிற்கிறவள் கையில் இப்போது ஏதோ இருந்தது. சதுரமாக. அப்பாவின் முழங்காலுக்கு அடியில் வைக்கிற சின்னத் தலையணை. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

திரும்பினாள். தலையணை அவர் முழங்காலடியில்தான் இருந்தது. யாருமில்லை. ஓடிப்போய் அதை எடுத்து அலமாரியில் போட்டுப் பூட்டினாள். அப்புறம் போனை எடுத்தாள்.

"டேய், இந்தச் சனியனை எப்படிடா துடைக்கிறது?"

"நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல, கேட்டியா நீ? பட்டனை விடாம அமுக்கிக்கிட்டே இரு. முழுசாக் கறுத்து வெளுக்கும். எல்லாம் போயிடும்." அப்புறம், "அக்கா, உன் குரல் ஏன் இப்படி இருக்கு? தூங்குறியா இல்லையா? நான் வேணா லீவு போட்டு..."

"சனிக்கிழமை வாடா," என்றாள். இதுவரை அவனிடம் கேட்டதே இல்லை. "கட்டாயம் வா."

"வரேன்க்கா."

போனை வைத்தாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பட்டனை அழுத்திப் பிடித்தாள்.

திரை கறுத்தது.

விரல் வலித்தது. விடவில்லை. கறுப்பாகவே இருந்தது. மெத்தையின் மூச்சு ஒருதரம் இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

வெளுத்தது.

சுத்தமான வெள்ளை. ஒரு தடம் இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு. உடம்பு பஞ்சு மாதிரி லேசாகிப்போனது. கை இருக்கிற இடம் தெரியவில்லை. கால் இருக்கிற இடமும்.

கண்ணைத் திறந்தபோது திரையில் படம் வந்திருந்தது. மங்கலாக இல்லை. அச்சடித்த மாதிரி. ஜன்னல். கட்டில். அப்பா. தலைமாட்டில் அவள்.

நாற்காலி காலி.

"வந்துட்டியா கண்டக்டர்?" என்றார் அப்பா.

அவள் திரும்பினாள். இந்தத் தடவை ஆள் இருந்தது.

அந்த நைட்டி. அந்தப் பின்னல். இரண்டு கையிலும் சின்னத் தலையணை. அலமாரியின் பூட்டு பூட்டினபடியே தொங்கியது.

"அப்பா, நான் இங்க இருக்கேன்," என்றாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் அவள் கை சாம்பல் நிறத்தில் கிடந்தது. கைக்கு ஊடே நாற்காலியின் மரம் தெரிந்தது. மணிக்கட்டில் குறுக்காக வரிகள். எழுத்து எழுத்தாக.

அப்பா.

அப்பா, இங்க பாருங்க.

அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. தலைமாட்டில் நின்றவளை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"ரொம்ப அலுத்துட்டேல்ல? பாவம்டி நீ," என்றார். நின்றவள் குனிந்தாள். தலையணையை வைக்கத் தோதாக, அவரே மெதுவாகத் தலையைத் தூக்கிக் கொடுத்தார்.