அப்பா சொன்ன ஆறாயிரம்

ரூபினியின் அப்பா குணாளனுக்கு, பேரம் பேசுவதில் பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் மார்க்கெட் முழுக்கப் பெயர் உண்டு. மலேசியக் காசில் மீன் கிலோ பதினெட்டு வெள்ளி என்றால் அவர் பன்னிரண்டில் ஆரம்பிப்பார். மீன்காரர் தலையை ஆட்டினால், "சரி, வேணாம்" என்று நடையைக் கட்டுவார். ஐந்து அடி வைப்பதற்குள் மீன்காரர் கூப்பிட்டுவிடுவார். கூடவே போகும் ரூபினி அந்த அடிகளை எண்ணியிருக்கிறாள். அப்பா ஆறாவது அடி வைத்ததே இல்லை.

அப்படிப்பட்டவர்தான் குடும்பத்தோடு இலங்கைக்குப் போகத் திட்டம் போட்டார்.

காரணம், அம்மா. அம்மா துளசிக்கு ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. தூசு படக்கூடாத அறையில், கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. வெளியே மழை பெய்ததா இல்லையா என்பது வேலை முடிந்து பஸ் ஏறும்போதுதான் அவருக்குத் தெரியும்.

ஒருநாள் போனில் இலங்கை மலை ரயிலைப் பார்த்த அம்மா, ஒரு நாள் முழுக்க அதில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போக வேண்டும் என்றார். அம்மா தனக்கென்று எதையும் கேட்டு வீட்டில் யாருக்கும் நினைவில்லை. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அப்பா, அன்றிலிருந்து ஓவர்டைம் ஒன்றையும் விடவில்லை. மூன்று வருடத்தில் ஒன்பதாயிரம் வெள்ளி சேர்ந்தது.

பினாங்கு ரோட்டில் ஒரு கடையின் மாடியில் நஸீஹா அக்காவின் பயண அலுவலகம் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் என்ன பிடிக்கும் என்று கேட்டு, அதற்கென்றே தனியாகப் பயணத்தைத் திட்டமிட்டுக் கொடுப்பார். நால்வரையும் உட்காரவைத்து விசாரித்தார். எட்டு வயதுத் தம்பி கோகுலன் யானை என்றான். ரூபினி நீச்சல் குளம் உள்ள ஹோட்டல் என்றாள். அம்மா கொஞ்சம் தயங்கி, ரயில் என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு நஸீஹா அக்கா கேட்டார்.

"பட்ஜெட் எவ்வளவு வச்சிருக்கீங்க அண்ணே?"

அப்பா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஆறாயிரம்தான்மா. அதுக்கு மேல ஒரு சென்கூட இல்லலா."

ரூபினி திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தன் சாமர்த்தியத்தை விளக்கினார். பையில் எவ்வளவு இருக்கிறது என்று மீன்காரரிடம் யாராவது சொல்வார்களா? சொன்னால் மொத்தத்தையும் கறந்துவிட மாட்டாரா? கோகுலனுக்கு இது ரொம்பச் சரியாகப்பட்டது. ரூபினிக்கு எங்கோ இடித்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

ஒரு வாரத்தில் திட்டம் போனுக்கு வந்தது. விமான டிக்கெட், மூன்று இரவு ஹோட்டல், ஹோட்டலில் குளம், அரை நாள் யானை. ரூபினி மேலும் கீழும் தேடினாள். ரயில் இல்லை.

அம்மா இரண்டு முறை படித்துப் பார்த்தார். "பரவாயில்ல. பிள்ளைங்க கேட்டது எல்லாம் இருக்கே" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார். யாருக்காகப் போகிறோமோ அவர் கேட்டது மட்டும் அதில் இல்லை.

அப்பா அசரவில்லை. அந்தச் சனிக்கிழமையே எல்லாரையும் கூட்டிக்கொண்டு மறுபடி மாடி ஏறினார். இதே காசுக்கு ரயிலையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்.

நஸீஹா அக்கா கால்குலேட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மலைக்குப் போனால் இன்னும் ஓர் இரவு தங்க வேண்டும், வேன் வேண்டும், அதற்கே எண்ணூறு வெள்ளி கூட ஆகும், ரயில் டிக்கெட் தனி என்றார். தன் கூலியில் நூறு வெள்ளியைக் குறைப்பதாகவும் சொன்னார்.

அப்பா எழுந்தார். "அப்போ சரி, வேணாம்மா."

ரூபினிக்கு அந்தக் குரல் தெரியும். அப்பா நடக்க, அவள் மனதுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது அடியில் கதவு வந்துவிட்டது. நஸீஹா அக்கா கூப்பிட்டார்தான்.

"கவலைப்படாதீங்க அண்ணே. காசு சேர்ந்ததும் வாங்க. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார், மிகவும் அன்பாக.

நால்வரும் மாடிப்படியில் நின்றார்கள். அப்பா ஏழாவது அடி, எட்டாவது அடி எல்லாம் வைத்துவிட்டார். மேலே கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. அடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. இப்படி அவருக்கு இதுவரை நடந்ததே இல்லை.

"அந்த அக்கா நிஜமாவே நம்பிட்டாங்கப்பா" என்றாள் ரூபினி.

அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ரூபினியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாள் எங்கே இடித்தது என்பது இப்போது அவளுக்குப் புரிந்தது.

"அப்பா, மீன்காரர்கிட்ட மீன் ஏற்கெனவே இருக்கு. நாம குறைச்சுச் சொன்னாலும் மீன் சின்னதாகாது. ஆனா இந்த அக்காகிட்ட நம்ம பயணம் இன்னும் இல்லையே. நாம சொல்ற காசை வச்சுத்தானே அதைச் செய்யணும்? தையல்கார அக்காகிட்ட பாதித் துணியை ஒளிச்சு வச்சுட்டு பாவாடை தைக்கச் சொன்னா, குட்டையாத்தானே வரும்?"

"உங்க சாமர்த்தியம் மார்க்கெட்டுக்கு நல்லதுப்பா. அங்க நானும் கூட வருவேன். இங்க உண்மையைச் சொல்லலாம்பா. அம்மாவுக்காக."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து, கீழே போகாமல் மேலே ஏறினார். அந்தச் சில படிகளும் அவருக்கு லேசாக இருந்திருக்காது.

"பொய் சொல்லிட்டேன்மா" என்றார் வாசலிலேயே. "ஒன்பதாயிரம் இருக்கு."

நஸீஹா அக்கா கோபப்படவில்லை, சிரித்துவிட்டார். தன்னைப் பெற்ற அத்தா டாக்டரிடம்கூடப் பாதி வலியைத்தான் சொல்வார் என்றார். அப்பாவும் சிரித்தார். உடனே தாராள மனசு வந்துவிட்டது அவருக்கு. "ஒன்பதாயிரத்தையும் எடுத்துக்கம்மா. ராஜா மாதிரி போயிட்டு வரோம்" என்றார்.

ரூபினி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அதுவும் உண்மை இல்லப்பா. நம்மகிட்ட பாஸ்போர்ட்டே இல்ல."

நால்வருக்கும் பாஸ்போர்ட் எடுக்க அறுநூறு வெள்ளி. அங்கே போய்ச் சாப்பிட, தண்ணீர் வாங்க எண்ணூறு. யாருக்காவது காய்ச்சல் வந்தால் எடுக்க ஐந்நூறு, அதைத் தொடவே கூடாது. இதோடு முடிந்தது என்று அப்பா நினைத்தபோது, "நம்ம ஃப்ளாட் மாடியில பன்னெண்டு வீடு இருக்கு" என்றாள் ரூபினி.

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். பயணம் போகிறோம் என்று தெரிந்தால் பன்னிரண்டு வீட்டிலும் வழிச்செலவுக்கு என்று கையில் பத்து வெள்ளி திணிப்பார்கள். வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்ப முடியுமா? அக்கம்பக்கம், வேலையிடம், சொந்தம் எல்லாருக்கும் தேயிலை வாங்க முந்நூறு ஆயிற்று.

நஸீஹா அக்கா கால்குலேட்டரை ரூபினியிடமே கொடுத்தார். கழித்துப் பார்த்தபோது ஆறாயிரத்து எண்ணூறு வந்தது.

"பார்த்தியா, நானும் ரொம்பக் குறைச்சுச் சொல்லல" என்றார் அப்பா, கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொண்டு.

"எண்ணூறுதான்பா குறைச்சுச் சொன்னீங்க. அதுல ரயில் போயிடுச்சு" என்றாள் ரூபினி.

மலையில் தங்கும் இரவு வந்தது. வேன் வந்தது. ரயில் டிக்கெட்டைச் சேர்த்ததும் கணக்கில் நூற்றைம்பது வெள்ளி துண்டு விழுந்தது. காய்ச்சல் காசில் கைவைக்கலாமா என்று அப்பா மெல்லக் கேட்டார். ரூபினி ஒரு நிமிடம் யோசித்தாள். குளத்துத் தண்ணீரின் நீலம் அவள் கண்ணுக்குள் இன்னும் இருந்தது.

"குளம் இல்லாத ஹோட்டல் போடுங்க அக்கா. நாங்க தீவுல இருக்கோம், சுத்தியும் கடல்தான்."

நஸீஹா அக்கா அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அதை மாற்றினார். எல்லாம் சரியாக உட்கார்ந்தது. கடைசியாக ஒன்று கேட்டார்: நான்கு இடத்தில் ஒன்றுதான் ஜன்னல் ஓரம் கிடைக்கும், அது யாருக்கு?

கோகுலன் பாதிக் கையைத் தூக்கினான். அதற்குள் பக்கத்தில் இன்னொரு கை உயர்ந்துவிட்டது.

"எனக்கு" என்றார் அம்மா. "நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்."