திட்டு மூழ்கும் நேரம்

ஃபோன் அடித்தது.

கொக்கு பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு பாய்ந்து வந்து எடுத்தார். அந்த ஃபோன் அடித்து நாளாகிவிட்டது. எப்போது அடித்தாலும் அவர் எதிர்பார்ப்பது ஒரே ஒரு குரலைத்தான்... ஒரு வருடமாகக் கேட்காத குரல்.

இதுவும் அது இல்லை.

பெண் குரல். நாளைக்குப் படகு வேண்டும் என்றது. முழு நாள். ஆள் ஒருத்திதான்.

"கூட யாரும் வரலையா மேடம்?"

"வர்றதுக்கு யாரும் இல்லை."

அந்தப் பதில் கொக்குக்குப் பிடித்துப்போனது. அவருக்கும் யாரும் இல்லை.

கொக்கு என்பது படகுத்துறையில் வைத்த பெயர். ஆள் நெட்டை. முழங்கால் தண்ணீரில் மணிக்கணக்காக அசையாமல் நிற்பார். தூண்டில் போட வருகிறவர்களைக் கரையோரக் கடலுக்கு அழைத்துப் போய், எந்த மீன் எந்த மூலையில் படுத்திருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதுதான் தொழில்.

மீனைக் காட்டிக்கொடுப்பார். மனிதர்களைக் காட்டிக்கொடுத்ததில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

துறைக்கு மேலே ஒரே ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் மனிதர் கடலில் இருந்தார். திரும்பி வந்து பார்த்தால் தலை நரைத்திருந்தது. படகில் ஆள் ஏறுகிற நாளில்தான் அவருக்குப் பேச்சே. மற்ற நாட்களில் தொண்டை துருப்பிடித்துக் கிடக்கும்.

போன வருடம் அதுவும் போயிற்று.

மாதம் தவறாமல் தூண்டில் போட வந்துகொண்டிருந்த ஆடிட்டர் ஒருவர், கொக்கின் படகிலிருந்து வழுக்கி விழுந்து காணாமல் போனார். போலீஸிடம் கொக்கு அப்படித்தான் சொன்னார். உடல் கிடைக்கவில்லை. ஆடிட்டரின் மனைவி கதறிக்கொண்டே ஸ்டேஷனுக்கு வருகிறாள் என்றதும், கொக்கு பின்வாசல் வழியாக நழுவிவிட்டார்.

ஏன் நழுவினார்? சொல்கிறேன். அதற்குள் படகு கிளம்பிவிடும்... ஏறிக்கொள்ளுங்கள்.

*

அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அகலமான தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நேற்று வாங்கிய மாதிரி ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கையில் சாப்பாட்டுப் பை.

"குட் மார்னிங் அண்ணா" என்றாள்.

அண்ணா!

அவரை யாராவது அப்படிக் கூப்பிட்டு எத்தனை காலம்? கொக்கு இரண்டு தடவை கனைத்துக்கொண்டார். குரல் வருகிறதா என்று பார்க்கத்தான்.

லைஃப் ஜாக்கெட்டை எடுத்து அவளுக்குப் போட்டு, வார்களை இழுத்துச் சரிபார்த்தார். தான் போட்டுக்கொள்ளவில்லை. தொழிலில் பழுத்த எந்த வழிகாட்டியும் போட்டுக்கொள்ள மாட்டான். தூண்டிலை வீசும்போது தோளில் இடிக்கும் என்பான். உண்மையில் அது கௌரவப் பிரச்சினை.

வாரத்தின் நடுநாள். காற்று எச்சரிக்கை வேறு. மற்ற படகுகள் எல்லாம் துறையிலேயே கிடந்தன. தண்ணீரில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

காலை முழுக்கக் கொக்கு பேசிக்கொண்டே இருந்தார். ஒரு வருடப் பேச்சு பாக்கி. உயிர் இறாலை முள்ளில் கோப்பது எப்படி, மீன் இழுக்கும்போது நூலை எவ்வளவு தளர்த்துவது, பிடித்த மீனை வலிக்காமல் திருப்பி விடுவது எப்படி... எல்லாவற்றையும் அவள் கவனமாகக் கேட்டாள். முதல் மீன் மாட்டியதும் சிறுபிள்ளை மாதிரி சிரித்தாள்.

படகை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். முழு நாள் வருகிறவர்கள் எல்லோருக்குமே அந்த ஆசை உண்டு. கொக்கு சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தார். சாவியை எப்படித் திருப்புவது, எவ்வளவு வேகம், எப்படிப் பின்னால் எடுப்பது என்று ஒன்றையும் விடவில்லை.

நல்ல மாணவி. ஒருமுறை சொன்னால் போதும்.

மதியம் நீர் வற்றியது. ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு முதுகைக் காட்டியது. கரை தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது.

நீர் மறுபடி ஏறத் தொடங்கும்போதுதான் பெரிய கொடுவா மீன்கள் திட்டின் ஓரத்துக்கு இரை தேடி வரும். படகில் இருந்தபடி வீசினால் நிழல் பட்டு ஓடிவிடும். இறங்கி நின்றுதான் வீச வேண்டும். முதலில் வழிகாட்டி இறங்குவார், காலால் மணலை அழுத்திப் பார்ப்பார், உறுதியாக இருந்தால் வாடிக்கையாளருக்குக் கை கொடுப்பார். அதுதான் முறை.

கொக்கு ஃபோனைப் படகிலிருந்த தண்ணீர் புகாத பெட்டியில் வைத்து மூடினார். சாவியை எடுக்கவில்லை. நடுத்தண்ணீரில் படகை யார் திருடப் போகிறார்கள்?

இறங்கினார். அழுத்திப் பார்த்தார். உறுதியாக இருந்தது.

"வாங்க மேடம்" என்று கையை நீட்டினார்.

என்ஜின் உறுமியது.

*

முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தார். சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

படகு பின்னால் போனது. அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, பதறாமல், நேராகப் போனது. கூப்பிடு தூரத்தில் நின்றது. அவள் என்ஜினை அணைத்து நங்கூரத்தைப் போட்டாள். பையைத் திறந்து ரொட்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

கொக்கு கூப்பிட்டுப் பார்த்தார். கெஞ்சினார். திட்டினார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கென்ன அவசரம்? முழு நாள் படகு அல்லவா!

நீர் கணுக்காலைத் தொட்டது.

அவருக்கு நீந்தத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் இந்த முகத்துவாரத்தின் இழுப்பும் தெரியும். இங்கே நீந்திக் கரையேறிய ஒருவரையும் அவர் கேள்விப்பட்டதில்லை. படகை நோக்கி நாலடி வைத்துப் பார்த்தார். அவள் நிதானமாகச் சாவியில் கை வைத்தாள். திரும்பி வந்து திட்டின் உச்சியில் நின்றுகொண்டார்.

முழங்காலுக்கு வந்தபோது அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"போன வருஷம் உங்க படகுல ஒருத்தர் விழுந்து செத்தாரே... நான் அவரோட சம்சாரம்."

பின்வாசல் வழியாக ஓடினால் விஷயம் முடிந்துவிடுமா? இதோ, வாசலே இல்லாத இடத்தில் வந்து நிற்கிறது.

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கு உண்மை தெரியணும் அண்ணா. சொன்னா வந்து ஏத்திக்கறேன்."

"அதான் போலீஸ்ல சொன்னேனேம்மா... வழுக்கி விழுந்துட்டாருன்னு."

அவள் இன்னொரு ரொட்டியை எடுத்தாள்.

காற்று வலுத்தது. சுற்றிலும் தண்ணீர்... திட்டு இருந்த அடையாளமே இல்லை. நடுக்கடலில் ஒரு மனிதன் காரணமே இல்லாமல் நின்றுகொண்டிருப்பது போலிருந்தது. கொக்குக்குப் பயத்தைவிட வேறொன்றுதான் அதிகமாக இருந்தது. காலையில் அண்ணா என்று கூப்பிட்டாளே... அது பொய்யாகிவிட்டதே என்ற துக்கம்.

நீர் தொடையைக் கடித்தபோது அவர் வாயைத் திறந்தார்.

"அவர் சாகலைம்மா."

அவள் மெல்வதை நிறுத்தினாள்.

கொக்கு எல்லாவற்றையும் கொட்டினார். ஆடிட்டர் அவருக்கு வெறும் வாடிக்கையாளர் இல்லை. உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே சிநேகிதர். மீன் கடித்தாலும் கடிக்காவிட்டாலும் இருவரும் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் ஆடிட்டர் அழுதார். வீட்டில் இருக்க முடியவில்லை, விவாகரத்து என்று வாயெடுக்கவும் பயமாக இருக்கிறது, என்னைச் செத்தவனாக்கிவிடு என்றார். கொக்கு அவரை அக்கரையில் இறக்கிவிட்டு, தனியாகத் திரும்பி வந்து, போலீஸிடம் ஒரு பொய் சொன்னார்.

"போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்றேன்னாரு. பண்ணவே இல்லை. நானும் தினம் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்... தப்புதாம்மா. உங்களை அழ வெச்சது பெரிய பாவம். என்னை மன்னிச்சிடுங்க. கரைக்குப் போனதும் நானே போலீஸ்ல சொல்லிடறேன்."

அவள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பார்த்துக்கொண்டிருந்த கொக்குக்கும் கண் கலங்கியது. தொடை வரை உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு இன்னொருத்திக்காக உப்புக் கண்ணீர் விட்டார் மனிதர்.

"இது வேற யாருக்காவது தெரியுமா அண்ணா?" மூடிய கைகளுக்குள்ளிருந்து கேட்டாள்.

"யாருக்கும் தெரியாதும்மா. சத்தியமா ஒருத்தர்கிட்டயும் சொல்லலை."

"கூடப் பொறந்தவங்க... சிநேகிதங்க?"

"சொல்றதுக்கு எனக்கு யாரும்மா இருக்கா?"

அவள் கைகளை எடுத்தாள்.

கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவரும் அதையேதான் சொன்னாரு. 'படகுக்காரர் தங்கமான மனுஷன், யார்கிட்டயும் மூச்சு விடமாட்டார்'னு."

கொக்குக்குப் புரிய ஒரு அலை தாண்ட வேண்டியிருந்தது.

"அவரை... பார்த்தீங்களா?"

"அவரேதான் எனக்கு ஃபோன் பண்ணாரு. தெரியாத ஊர்ல தனியா இருக்க முடியலையாம். வந்துடறேன், ஏத்துக்கோன்னு அழுகை." அவள் ரொட்டித் துணுக்குகளை மடியிலிருந்து தட்டிவிட்டாள். "அவர் இருந்த வரைக்கும் என் வீட்டு வாசலை ஒரு ஆள் மிதிச்சதில்லை அண்ணா. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் தனித்தனியா கிடந்தோம். அவர் செத்தாரு பாருங்க... அக்கா வந்து கூடவே தங்கிட்டா. பேசாம இருந்த நாத்தனார் தினமும் ஃபோன் பண்றா. பக்கத்து வீட்டுக்காரங்க, ஆபீஸ்காரங்க... ராத்திரி நான் தூங்கினேனான்னு கேக்க ஊரே இருக்கு. இவர் திரும்பி வந்து நின்னா என்ன ஆகும்? பொண்டாட்டிக்குப் பயந்து ஓடினவர்னு சிரிப்பாங்க. அத்தனை பேரும் எழுந்து போயிடுவாங்க. மறுபடியும் நானும் அவரும் நாலு சுவரும்."

"அம்மா... அவர் இப்ப எங்கே?"

"அந்த ஊர்ல ஒரு மலை இருக்கு. உச்சியில நல்ல காத்து வரும்னாரு. ரெண்டு பேரும் ஏறினோம். நான் இறங்கிட்டேன்."

காற்றில் அவள் தொப்பியின் ஓரம் படபடத்தது.

"போலீஸுக்கு அது யாரோ முகவரி இல்லாத ஆளோட உடம்பு. ஏற்கெனவே செத்த மனுஷனை யாரும் தேட மாட்டாங்க அண்ணா. அந்தச் செத்த மனுஷன் உயிரோட இருந்தாருன்னு தெரிஞ்சது உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான்."

இடுப்பில் தண்ணீர்.

"பொய் சொன்னேன்!" என்று கத்தினார். "ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கேன். என் சிநேகிதன்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். நான் வரலைன்னா அவன் நேரா போலீஸுக்குப் போவான்!"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். சாவிக்கு நீண்ட கையைக்கூடப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அப்படியா? அவர் பேர் என்ன?"

கொக்கு வாயைத் திறந்தார்.

ஒரு பேர். ஏதாவது ஒரு பேர். உலகத்தில் எத்தனை கோடிப் பேர் இருக்கிறார்கள்! துறையில் முகங்கள் உண்டு, ஒருவரோடும் உட்கார்ந்து பேசியதில்லை. சொந்தம் என்று யாரும் இல்லை. சிநேகிதன் என்று மனதைத் துழாவினால் ஆடிட்டரின் முகம் மட்டும்தான் வந்தது. அந்தப் பேரைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

அலை ஒன்று மார்பில் மோதியது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"பாவம்" என்றாள் அவள். கேலியாகச் சொல்லவில்லை. அந்த மாதிரி வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

நங்கூரத்தை இழுத்துப் படகில் போட்டாள். சாவியைத் திருப்பினாள். என்ஜின் உறுமியது. படகின் மூக்கு கரையைப் பார்த்துத் திரும்பியது.

கொக்கு கத்தவில்லை. கத்தி யார் கேட்கப் போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். கால் விரல்களால் மணலைப் பற்றிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளுக்கு என்ன தோன்றியதோ... வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்த்து, ஆறுதலாகச் சொன்னாள்.

"உங்களுக்காக அழ ஒருத்தரும் இல்லையேன்னு வருத்தப்படாதீங்க அண்ணா. கரைக்குப் போனதும் நான் அழறேன்... போன வருஷம்தான் நல்லா பழகினேன்!"