இறங்காத கஞ்சி

மதியக் கஞ்சிக்கு முன்னால் வழக்கம்போல் ஆதிரையின் வயிற்றுக் குழாயில் சிரிஞ்சை மாட்டி இழுத்துப் பார்த்தாள் அனுசுயா. தெளிந்த தண்ணீர் வந்தது. காலையில் கொடுத்தது கேழ்வரகுப் பால் கஞ்சி. வயிற்றில் மிச்சமிருந்தால் பழுப்பாகத் திரிந்து வரும், இல்லையென்றால் வெறும் காற்று வரும். இரண்டு வருடமாக இந்த இரண்டைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

மகள் ஆதிரைக்கு நாலு வயது. பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போதாமல் போனதில், விழுங்குகிற வித்தை அவளுக்கு வராமலே போய்விட்டது. முதல் இரண்டு வருடம் மூக்கு வழியாகக் குழாய், பிறகு தொப்புளுக்கு மேலே ஒரு துளை, அதில் ஒரு குழாய், குழாய் முனையில் ஒரு மூடி. அவளுக்குச் சாப்பாடு போகிற வழி அது ஒன்றுதான். ஊருக்கு இது பொறுக்கவில்லை. "வாய்ல ரெண்டு வாய் வச்சுப் பாரு, தானா முழுங்கும்" என்று சொல்லாத ஆள் தெருவில் கிடையாது. மாமியார் ரெங்கம்மாள் ஒருநாள் வைத்தே பார்த்துவிட்டாள். ரசம் சாதம் நுரையீரலுக்குள் போய், பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்ததை அனுசுயா மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அன்றிலிருந்து அந்த வாய்க்கு அவள்தான் காவல்.

கணவனுக்கு போன் போட்டுச் சொன்னாள். அசோக் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன்.

"தண்ணி ஜாஸ்தியா வுட்டிருப்ப."

"உப்பாக் கரிக்குதுங்க."

"புது போர் தண்ணி அப்புடித்தான் இருக்கும். பொழுது சாய வந்துர்றேன், டாக்டர்ட்ட காமிச்சுருவோம்."

கைவிட்ட சுண்ணாம்புச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் போன மாதம் போட்ட போர் அது. ஆயிரம் அடிக்குக் கீழேதான் தண்ணீர் வந்தது, கூடவே கிளிஞ்சலும் வந்தது. அரியலூர்ப் பக்கம் அதெல்லாம் ஒரு சேதியே இல்லை. உழுதால் கிளிஞ்சல், கிணறு வெட்டினால் கல்லாகிப் போன நத்தை. ஒரு காலத்தில் இங்கே கடல் கிடந்ததாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள், பிள்ளைகளும் எழுதிவிட்டு மறந்துவிடும். கஞ்சி போன பிறகு குழாயைக் கழுவ அந்தத் தண்ணீரைத்தான் அவள் காய்ச்சி ஆற்றி விட்டுவந்தாள். ஒவ்வொரு வேளையும் ருசி பார்த்துத்தான் விட்டாள். ஒருநாளும் அது கரித்ததில்லை.

கரண்ட் போய் ஃபேன் நின்றது. நின்ற பிறகுதான் தெரிந்தது, காக்கை இல்லை, தூரத்து லாரிச் சத்தம் இல்லை, எங்கோ அடியாழத்திலிருந்து ஒரு பெரிய மூச்சு இழுத்து இழுத்து விடுகிற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் இருக்கிறது. அதோடு சந்தை மீன் வாடையும் அல்லாத, ஈரச் சுண்ணாம்பு வாடையும் அல்லாத, இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய வாடை ஜன்னல் வழியாக வந்து அறையில் தங்கிவிட்டது. சுவரில் விழுந்த வெயில் ஆடியது. ஆடுவதற்கு அங்கே மரமோ திரையோ எதுவும் இல்லை.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்காகப் பிள்ளையைப் பட்டினி போட முடியாது. கஞ்சிக்குப் பின்னால் வலிப்பு மருந்து போக வேண்டும். வேளை தப்பினால் உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். துளையைச் சுற்றி வெந்நீர்த் துணியால் துடைத்தாள். தலையணை வைத்து மகளைச் சாய்த்து உட்கார வைத்தாள். சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு, வெறும் குப்பியைக் குழாயில் மாட்டிக் கஞ்சியை ஊற்றி உயர்த்தினாள். உயரமாகப் பிடித்தால் உள்ளே இறங்கும், தாழ்த்தினால் திரும்பி வரும். நர்ஸ் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது அது.

கஞ்சி இறங்கவில்லை. ஏறியது.

குழாயின் கிளிப்பை அழுத்தி மூடினாள். ஆதிரையின் வயிறு உப்பத் தொடங்கியது. பிள்ளை முனகியது. கிளிப்பைத் திறந்தாள். வயிறு தணிந்தது, கஞ்சிக்கு அடியில் தெளிந்த தண்ணீர் ஏறி வந்தது.

கட்டில்மேல் ஏறி நின்றாள். இன்னும் ஏறியது. கஞ்சி விளிம்பில் வழிந்து முழங்கை வரை ஒழுகியது.

"சரி, எம்புட்டு ஒசரம்னு பாத்துருவோம்."

துப்பட்டாவால் மகளை இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு கையில் கஞ்சிக் கிண்ணம், தலைக்கு மேலே குப்பி. படி ஏறினாள். படியெல்லாம் ஈரம். காலடியில் கிளிஞ்சல் நொறுங்கியது. குனிந்து பார்க்கவில்லை.

மொட்டை மாடி. உச்சிவெயில். வெயில் பச்சையாக இருந்தது.

கிண்ணத்தில் இருந்ததைக் குப்பியில் நிரப்பிவிட்டுக் கையை எட்டுமட்டும் உயர்த்தினாள்.

"உள்ள போ" என்றாள். யாரிடம் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. "ஆயிரம் அடிக்குக் கீழ கெடந்த ஒனக்கு எம் புள்ள வயிறுதான் கெடச்சுதா? இந்த ஊரே வந்து நின்னப்பவே நான் வுடல. நீ எம்மாத்திரம்."

கஞ்சி நின்றது.

ஒரு விரற்கடை இறங்கியது.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடி மகளைப் பார்த்தாள்.

ஆதிரை வாயைத் திறந்திருந்தாள். தொண்டை அசைந்தது. மறுபடி அசைந்தது. நாலு வருடமாக எந்தெந்தச் சாமியிடமெல்லாமோ அனுசுயா கேட்டுக் கேட்டு அலுத்த அசைவு. பிள்ளை விழுங்கியது. உதட்டில் ஒன்றுமில்லை. வெறும் காற்று. விழுங்கியது. விழுங்கியது.

அனுசுயாவின் கூந்தல் தோளைவிட்டு எழுந்தது. தலைக்கு மேலே போய் நின்று மெல்ல அலைந்தது. அண்ணாந்தாள். வெகு உயரத்தில் சூரியன் உடைந்து உடைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நீளமாக ஒரு நிழல் வீட்டைத் தாண்டிப் போனது. நின்றது. திரும்பியது.

கிண்ணத்தைப் போட்டாள். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. அந்தக் கையால் மகளின் வாயைப் பொத்தினாள்.

"வாய்ல வேணாம் தங்கம். அம்மா குடுக்குறேன்ல."

சொன்னது குமிழ் குமிழாக மேலே போனது. உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்னத் தொண்டை விழுங்கிக்கொண்டே இருந்தது. தூக்கிப் பிடித்த கையில் கஞ்சி இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.