மூன்றாவது அறை

கதவு பாதியில் நின்றது. உள்ளே கட்டிலில் முட்டியிருந்தது. அந்தக் கட்டிலை நடுச்சுவரோடு ஒட்டிப் போட்டவன் சஞ்சீவன்தான். அன்று கதவு முழுதாகத் திறந்தும் இடையில் ஒரு சாண் மிஞ்சியிருந்தது.

வயிற்றை எக்கி நுழைந்து பார்த்தான். கட்டில் இன்னும் சுவரோடு ஒட்டித்தான் கிடந்தது.

வாடகைக்கு விடவென்று அவன் வாங்கிய முதல் வீடு இது. பாரிஸ் புறநகரான பொண்டியில் குடியிருக்கும் வீட்டை ஈடு வைத்து, நகருக்குள் லா சப்பலில் இதை வாங்கி, பெரிய அறையை நடுவில் மறித்து இரண்டாக்கினான். ஒன்பது சதுரமீட்டருக்குக் குறைந்தால் வாடகைக்கு விட முடியாது. ஒரே அளவான இரண்டும் மயிரிழையில் தேறின. சுவர் எழுப்பிய கிரிகோரி, பிளாக்கோ என்ற சுண்ணப் பலகையைத் தட்டிச் சொன்னான்: "அண்ணை, இன்னொண்டு மறிச்சா மூண்டாவது ஆளையும் போடலாம். மெல்லிய ஆளாப் பாருங்கோ." சஞ்சீவன் சிரித்தான். பிறகு பல நாள் அந்த மூன்றாவது ஆளை நினைத்தும் பார்த்தான்.

முதலில் குடிவந்த றூபன் போன கிழமை மூட்டையோடு இறங்கிவிட்டான். கதவுத் திறப்பைத் திருப்பி நீட்டியவன் சுவரைப் பற்றி மட்டும் சொன்னான்.

"அது என்னைத் தள்ளுது, அண்ணை."

முற்பணத்துக்காகக் கதை விடுகிறான் என்று சஞ்சீவன் நினைத்தான். ஆனால் றூபன் நகரசபையில் முறையிட்டிருந்தான். நாளை காலை அளக்க வருகிறார்கள். அறை தேறாவிட்டால் வாடகை இல்லை; வாடகை இல்லையென்றால் பொண்டி வீடும் இல்லை.

ஐந்து மணிக்கே இருட்டிய யன்னலுக்குக் கீழே கொத்துரொட்டிக் கடையின் தகடு தாளம் தட்ட, தண்டவாளத்தில் ரயில் உரசிப் போக, சுண்ணத்தூளின் மணத்துக்குள் யாரோ நெடுநேரம் மூடிப் படுத்த போர்வையின் புழுக்கமும் கலந்து வர, அவன் நாடாவை நீட்டினான். மூன்று மீட்டர் ஐந்தாக இருந்த அகலம் இரண்டு எழுபத்துமூன்று காட்டியது.

மறுபடி அளந்தான். இரண்டு எழுபத்தொன்று.

இன்னும் ஆள் வராத மற்ற அறைக்கு ஓடினான். அங்கேயும் இரண்டு எழுபத்தொன்று. இரண்டு பக்கமும் குறைந்தால், குறைந்ததெல்லாம் நடுவில் சேர்ந்திருக்க வேண்டும். அறுபத்தெட்டு சென்ரிமீட்டர். ஒடுக்கமான கட்டில் ஒன்று வைக்கலாம். அந்த நினைப்பு தானாக வந்தது. 

முதல் அறையில் விட்டுவந்த கைபேசி அடித்தது. கதவிடுக்கு இன்னும் ஒடுங்கியிருந்தது. சட்டைப் பொத்தான் தெறிக்க உள்ளே புகுந்தான். மனைவி யசோதினி.

"அளவு சரியா வருதே?"

"ஓம். வருது."

வைத்தான். கடையின் தாளம் நின்றிருந்தது. ரயிலும் இல்லை. அந்த அமைதியில் சுவருக்குள் கட்டில் கம்பிகள் முனகின. யாரோ புரண்டு படுத்தார்கள்.

சுவரில் கை வைத்தான். சூடு.

கட்டில் நகர்ந்தது. கதவை மெல்லச் சாத்தியது. இழுத்தான். அசையவில்லை. தள்ளினான். சுவர் திரும்பத் தள்ளியது.

மின்செருகிக்காக வெட்டி மூடாமல் விட்ட துளையில் ஏதோ மினுங்கியது. இரும்பு நாடாவின் நுனி. அவனுடையது சட்டைப்பையில் இருந்தது.

அது மெதுவாக நீண்டு வந்தது. சப்பாத்தைத் தொட்டது. வளைந்து ஏறியது. முழங்கால். வயிறு. கழுத்து. உச்சந்தலையில் நின்றது.

உள்ளே, பலகையில், பென்சில் கீறியது.