கல்லூற்றுவிளைக் கிணற்றுக்குள் முப்பது அடி

விசாரணைக்கு இன்னும் மூன்றே நாள்! அதற்குள் ஒரு கல்லைத் தேடிப் பிடித்தாக வேண்டும்!

கல்லூற்றுவிளையில் இருநூறு வீடுகள். ஆலை வருகிறது, காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். "முப்பது வருஷத்துக்கு முன்னாடி இங்கே ஊரே கிடையாது, எல்லாம் ஆக்கிரமிப்பு" என்று விசாரணை அதிகாரி ஒரே போடாகப் போட்டார். பட்டா ஒருவரிடமும் இல்லை. ஆனால் ஊர்க் கிணற்றின் உள்சுவரில், ஆழத்தில், சுண்ணாம்புக் கல்லில், ஊர்ப்பெயரோடு ஒரு கல்வெட்டு உண்டு. இருநூறு வருடத்துப் பழசு. அதைக் காட்டினால் போதும், அதிகாரி வாயடைத்துப் போவார். தொல்லியல் துறையில் வேலை பார்க்கும் ஜெபக்கனி இந்த ஊர்ப்பெண். லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள். கூடவே அலுவலகத் தோழி ஷமீலாவும் வந்தாள்.

கிணறு வற்றி அறுபது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து வீட்டில் எது கெட்டாலும் ஊரார் அதில்தான் வீசினார்கள். நாற்பதடிக் கிணற்றில் முப்பதடி குப்பை!

"சுவரோரமா நாலடி அகலத்துக்குத் தோண்டுவோம் மாமா" என்று ஜெபக்கனி கொம்பையாவிடம் சொன்னாள்.

கிணறு வெட்டுவதில் கைதேர்ந்த கொம்பையா, அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதியில் பொசுக்கென்று அணைந்தது.

"விஷக்காத்து! ஒருத்தரும் எறங்கப்படாது!"

ஒரு மணி நேரம் மின்விசிறி வைத்துக் காற்றை உள்ளே அடித்த பிறகுதான் விளக்கு நின்று எரிந்தது. இறங்கினார்கள். சாரம் கட்டி, பலகை அடித்து, அங்குலம் அங்குலமாக! எடுத்த ஒவ்வொன்றையும் கூடையில் மேலே ஏற்ற, ஷமீலா சீட்டு எழுதிக் கட்டினாள்.

முதல் பத்தடியும் நேற்றைய வாழ்க்கை. தட்டை டிவி, சார்ஜர், வாஷிங் மெஷின். ரிமோட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. அடுத்து வயிறு பெருத்த டிவிகள், சிடி பிளேயர்கள். இந்த இருபதடியையும் பதினைந்து வருடத்தில் நிரப்பியிருந்தார்கள்! அதற்குக் கீழே டேப் ரிக்கார்டர், அதற்கும் கீழே ரேடியோ. ஜெபக்கனி ரேடியோவைத் திறந்து பார்த்தாள். ஏழு இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. மேலே கிடந்த டிவிகளில் ஒரு திருகைக்கூட யாரும் கழற்றிப் பார்த்ததில்லை. அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றாம் நாள் மதியம் கல் தெரிந்தது!

"மாமா! கண்டுபிடிச்சாச்சு!"

கையால் மண்ணைத் தள்ளினாள். எழுத்து இல்லை. கல் முழுக்க அரித்து, வெள்ளையும் மஞ்சளுமாகப் பொரிந்து கிடந்தது. காலடியில் இன்வெர்ட்டர் பேட்டரியின் வெற்றுக் கூடுகள். குப்பையைச் சுவரோரம் விலக்கி யாரோ உள்ளே திணித்தவை. ஒன்றில் வெள்ளைப் பெயின்ட்டில், 'தங்கராஜ்'. அவள் அப்பா.

மின்வெட்டு வாட்டிய காலத்தில் அவள் பரீட்சைக்குப் படிக்கவென்று அப்பா வாங்கிய பேட்டரி அது.

"பழைய இரும்புக்காரன் ஈயத்த எடுத்துக்கிட்டு ஆசிட்ட இங்கதாம்மா சுவரோரமா கவுத்துவான்" என்றார் கொம்பையா, அவள் முகத்தைப் பாராமல். "நாங்களும் பாத்துக்கிட்டுதான் இருந்தோம்."

ஜெபக்கனிக்கு அழுகை முட்டியது. அதற்குக்கூட நேரமில்லை! மேலே டிவிக் குவியல் சரிந்தது. பலகை படீரென்று உடைந்தது.

"கயித்தப் பிடிட்டி!"

கொம்பையா அவளை இடுப்போடு அணைத்துக்கொண்டு தொங்கினார். மேலே பத்துப் பேர் இழுத்தார்கள். கண்ணாடிச் சில்லுகள் தோளைக் கிழித்தன. உயிர் தப்பியது பெரிய பாடு!

கல்வெட்டு போனாலும் கூடை வெறுமையாக இல்லை. இரும்பு மின்மீட்டர் ஒன்றில் இணைப்பு எண்ணும் 1968 என்ற வருடமும் பொறித்திருந்தது. மிக்ஸி ஜாரில் கல்யாணத் தேதியும் ஊர்ப்பெயரும் வெட்டியிருந்தது. ஊர் இருந்ததற்கு இது போதும்!

"பேட்டரிக் கூட்டப் பத்தி எழுதாத தாயி" என்று கொம்பையா கெஞ்சினார்.

"எனக்கு வேண்டியத மட்டும் பொறுக்கிக் காட்டுனா அது சாட்சி இல்ல மாமா, ஜோடிப்பு. அதுவுமில்லாம, பக்கத்து அடிபம்புலதான ஊரே தண்ணி குடிக்குது?"

அவள் எல்லாவற்றையும் எழுதினாள். அப்பா பெயரையும்.

விசாரணையில் அதிகாரி மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆக்கிரமிப்புன்னு சொன்னது தப்பு. ஊர் பழைய ஊர்தான்" என்று ஒப்புக்கொண்டார். விசில் பறந்தது! ஜெபக்கனியைத் தோளில் தூக்கிக்கொண்டே ஊருக்குப் போனார்கள்.

இருபதாம் நாள் அடுத்த நோட்டீஸ் வந்தது. அவள் அறிக்கையைப் பார்த்துத் தண்ணீரைச் சோதித்தார்களாம். ஈயம் ஏறிய மண், மனிதர் குடியிருக்க லாயக்கில்லை, உங்கள் நலன் கருதி வெளியேறவும். ஆலைக்காரருக்கு மட்டும் அந்த மண் கசக்கவில்லை. மறுநாளே வேலி போட்டுவிட்டார்கள்!

"படிச்சவ வந்து குடியக் கெடுத்தா" என்று தெருவில் அவள் காதுபடவே பேசினார்கள். ஆனால் அந்தத் தண்ணீரை இனி யாரும் குடிக்கப் போவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதுவும் ஆறுதலாக இல்லை.

காலி செய்யும் நாளன்று லாரிகள் நின்றன. கொம்பையா ஒரு பழைய பிரிட்ஜைக் கிணற்றை நோக்கி இழுத்துக்கொண்டு போனார்.

"மாமா! உள்ள எறங்கிப் பாத்த நீங்களுமா?"

"லாரில எடமில்ல. பின்ன எங்கதான் போடச் சொல்லுத?"

எங்கே தோண்டுவதென்று அவளுக்குத் தெரியும். எங்கே போடுவதென்று அவளுக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

"என் எடத்துல ஏத்துங்க. நான் நடந்து வாரேன்" என்றாள்.

"பன்னெண்டு மைல்ட்டி!"

"பரவால்ல."

கொம்பையா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பிரிட்ஜை லாரிப் பக்கம் திருப்பினார்.