அறுபத்திரண்டு பக்கம், இரண்டு நொடி

மங்கையர்க்கரசி தினமும் காலையில் முதலில் தும்பிகளை எழுப்புவாள், அப்புறம்தான் கணவனை. தும்பிகள் நாற்பது, ஒரு தடவை சொன்னால் எழுந்துவிடும். தளவாய் ஒருவன்தான், மூன்று தடவை சொன்னாலும் புரண்டு படுப்பான்.

செவ்வாயில் செங்குளம் என்ற குடியிருப்பில் இதெல்லாம் சர்வ சாதாரணம். அங்கே தேனீ கிடையாது, வண்டு கிடையாது, மூச்சு விடும் காற்றே வீட்டுக்கு வீடு குழாயில்தான் வரும். பூ காயாக வேண்டுமென்றால் யாராவது மகரந்தத்தை உலுக்கிவிட வேண்டுமே? அதற்குத்தான் தும்பிகள். கொண்டைக்கடலை அளவில் உலோகப் பூச்சிகள். பயிர்க்கூடத்துக்குள் பறந்து, பூவைக் கவ்விப் பிடித்து 'ர்ர்ர்' என்று ஒரு நடுக்கு நடுக்கிவிட்டு அடுத்த பூவுக்குப் போகும். அவற்றை மேய்ப்பது 'தும்பியாள்' என்ற மென்பொருள். சுவர்த்திரையில் மூன்று பொத்தான்கள்: எழுப்பு, மேயவிடு, அடை. பதினோரு வருடமாக அரசி அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கி வந்தாள்.

ஒரு புதன்கிழமை தும்பியாளின் எட்டாம் பதிப்பு வந்து இறங்கியது. மூன்று பொத்தான்களும் மாயம். திரை நடுவில் ஒரே ஒரு நீல வட்டம். அதற்குக் கீழே, 'இனி எல்லாம் எளிது!' என்று ஒரு வரி.

எளிதாம்! தொட்டால் வட்டம் பச்சையாகிறது. மறுபடி தொட்டால் நீலமாகிறது. இரண்டு தட்டுத் தட்டினால் வானிலை சொல்கிறது. செவ்வாயில் என்ன பெரிய வானிலை, குளிர், விட்டால் தூசி. இடப்பக்கம் இழுத்தால் வீணை வாசிக்கிறது. தும்பிகள் மட்டும் கூட்டுக்குள் அசையாமல் கிடந்தன.

வீட்டை ஒட்டிக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அவளுடைய ஏழாம் எண் பயிர்க்கூடத்தில் நூற்றுப் பதினெட்டுக் கத்திரிப் பூக்கள் அன்று காலைதான் விரிந்திருந்தன. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தும்பி தொடாவிட்டால் அத்தனையும் உதிர்ந்துவிடும். செங்குளத்தில் ஒரு சட்டம் உண்டு: ஒரு தடவை பூத்தும் காய்க்காத கூடம் பாசி வளர்க்கப் போய்விடும். பாசி என்றால் பச்சைக் கூழ். காலையில் பாசி இட்லி, மத்தியானம் பாசிச் சோறு, சாயங்காலம் பாசி வடை. ஊரே அதைத் தின்றுதான் உயிர் வாழ்ந்தது, ஊரே அதைத் திட்டிக்கொண்டும் இருந்தது. மாதத்தில் ஒரு நாள் எண்ணெய்க் கத்திரிக்காய் கிடைத்ததென்றால் அது அரசியின் புண்ணியம். அந்தக் கூடத்தை விடுவதென்றால் அவளுக்குப் பாதி உயிர் போனமாதிரி.

ஒதுக்கீட்டுக் குழுவின் சொர்ணலிங்கம் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் சட்டப் புத்தகம்.

"பன்னிரண்டாம் நாள் வந்து எண்ணுவேன் தாயி. பிஞ்சு இருந்தா கூடம் உனக்கு. இல்லேன்னா பாசிக்கு. எனக்கும்தான் நாக்கு செத்துப்போச்சு, அதுக்காகச் சட்டத்தை வளைக்க முடியுமா?"

கையாலேயே உலுக்கலாமே என்று கேட்பீர்கள். கூடத்துக்குள் இருப்பது கரியமில வாயு. கவச உடை இல்லாமல் நுழைய முடியாது. அந்தக் கையுறையின் ஒவ்வொரு விரலும் வாழைக்காய்த் தண்டி. தளவாய் வீரமாக உள்ளே போனான். ஏழு பூவை மெதுவாகத் தொட்டான். ஏழும் தரையில்.

"வெளிய வாங்க! நீங்க உதவி செஞ்சது போதும்!" என்று அரசி ஒலிபெருக்கியில் கத்தினாள்.

வியாழக்கிழமை அவள் பூமியிலிருந்து வந்த விளக்கப்படம் ஒன்றைப் பார்த்தாள். தாடி வைத்த ஒரு பெரியவர், நாற்பது நிமிடம். முதல் பதினோரு நிமிடம் எல்லோரையும் நலம் விசாரித்தார். பிறகு தன் நாயை அறிமுகப்படுத்தினார். ஒருவழியாகத் திரையைக் காட்டினார். பார்த்தால் அது ஆறாம் பதிப்பு. அதில் மூன்று பொத்தான்களும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. அரசிக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்து, பயனர்கள் கேள்வி கேட்கும் மன்றம். அங்கே நிலவிலிருந்து ஒருவன் இதே கேள்வியை அட்சரம் பிசகாமல் கேட்டிருந்தான்: 'எட்டாம் பதிப்பில் தும்பிகளை எழுப்புவது எப்படி?' அரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கீழே ஒரே ஒரு பதில். அதையும் அவனே எழுதியிருந்தான்: 'சரியாகிவிட்டது. நன்றி.'

"எப்படிடா சரியாச்சு? சொல்லித் தொலைச்சா உன் சொத்தா குறைஞ்சு போவும்? நாசமாப் போறவனே!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

கடைசியாகத் திரைக்குள்ளேயே குடியிருக்கும் உதவியாளிடம் கேட்டாள். அதன் குரலில் தேன் வழிந்தது.

"மிக அருமையான கேள்வி! அமைப்புகள் பகுதிக்குச் சென்று 'துயிலெழுப்பு' என்பதை அமுக்குங்கள்."

"அமைப்புகள்னு ஒரு பகுதியே இல்லியே."

"மிகச் சரியாகச் சொன்னீர்கள். அப்படி ஒரு பகுதி இல்லை. வலப்பக்க மூலையில் உள்ள மஞ்சள் பொத்தானை அமுக்குங்கள்."

"மஞ்சளும் இல்ல, மூலையும் இல்ல. இது வட்டம்!"

"உங்கள் கவனிப்பு என்னை வியக்க வைக்கிறது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

அரசி கையிலிருந்த துணியைத் திரைமேல் வீசியடித்தாள். அதற்கும் ஒரு தடவை வீணை வாசித்தது.

மறுநாள் காலை மென்பொருள் செய்த நிறுவனத்துக்கே எழுதினாள். 'ஐயா, எனக்கு வீணையும் வேண்டாம், வானிலையும் வேண்டாம். எதை அமுக்கினால் என்ன ஆகும் என்று தெளிவான தமிழில் எழுதிய ஒரு புத்தகம், பத்துப் பக்கம் போதும், எழுதிப் போடக் கூடாதா? உங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே இல்லையா?' மனசு கொஞ்சம் ஆறியது. மத்தியானம் பூமியிலிருந்து பதில் வந்தது.

'அன்புடையீர், தும்பியாள் கையேடு எட்டாம் பதிப்புடனேயே அனுப்பப்பட்டது. அறுபத்திரண்டு பக்கம், எளிய தமிழ், படங்களுடன். மூன்று தமிழாசிரியர்கள் ஒரு வருடம் உட்கார்ந்து எழுதியது. நீங்கள் அதை முழுவதும் படித்து முடித்ததாக எங்களிடம் பதிவு உள்ளது. எடுத்துக்கொண்ட நேரம்: இரண்டு நொடி. வாழ்த்துகள்.'

அரசிக்குக் காது சூடாகிவிட்டது. நினைவு வந்தது. புதன்கிழமை காலை திரையில் ஏதோ எழுத்தெழுத்தாக ஓடியதும், அடியில் 'படித்துவிட்டேன்' என்று ஒரு கட்டம் இருந்ததும், அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவள் அதை அமுக்கியதும். செங்குளத்தில் நினைவகத்துக்குப் பஞ்சம். காற்றுக் குழாய்களைக் கவனிக்கவே இடம் போதாது. அதனால் ஊர் வழக்கம், படித்தது உடனே அழிந்துவிடும். படித்துவிட்டேன் என்று மனிதர் சொன்னால் இயந்திரம் நம்பத்தானே செய்யும்? பூமிக்கு மறுபடி எழுதிக் கேட்டாள். படங்களோடு கூடிய கோப்பு செவ்வாய்க்கு வந்து இறங்க ஒன்பது நாள் ஆகும் என்றார்கள்.

உடனே கூடக்காரர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, வந்தவர்களிடம் விசாரித்தாள். வெண்டைக்காய் போட்டவள், மிளகாய் போட்டவர், பாகற்காய் போட்ட தம்பதி, எல்லோருக்கும் தும்பி தூங்குகிறது; எல்லோரும் அதே இரண்டு நொடியில் படித்து முடித்தவர்கள். "அதையெல்லாம் யாரு படிப்பா?" என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள்.

சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போதுதான் தளவாய்க்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

"ஏட்டி, நீ கூப்பிட்டும் வராத நம்ம வெள்ளத்துரை இன்னும் பதிப்பே மாத்தியிருக்க மாட்டானே!"

ஒன்பதாம் கூடத்தில் பூசணி போட்டிருந்த வெள்ளத்துரை செங்குளத்துக்கே பேர்போன சோம்பேறி. குளிப்பதையே அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பவன். இருவரும் ஓடினார்கள். அவன் திரையில் 'எட்டாம் பதிப்பு காத்திருக்கிறது' என்ற வரி நான்கு நாளாகக் காத்திருந்தது. அரசிக்கு அவனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"அதை அமுக்குங்க கொழுந்தனாரே, கையேடு வரும்," என்றாள்.

அமுக்கினான். வந்தது. முதல் பக்கத்தில் 'வணக்கம்' என்று இருந்தது. வெள்ளத்துரையின் விரல் பழக்கதோஷத்தில் நேராக அடியில் இருந்த கட்டத்தை நோக்கிப் போனது.

"ஐயோ, தொடாதீங்க!" அரசி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தளவாய் மற்றக் கையைப் பிடித்தான். அவனை அப்படியே நாற்காலியோடு தூக்கிச் சுவரோரமாக வைத்தார்கள்.

"இருக்கட்டும் மைனி, நான் தூங்குதேன்," என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அரசி படித்தாள். ஒரு பக்கம் விடாமல், ஒரு வரி விடாமல், ஐந்து மணி நேரம் படித்தாள். என்ன எழுத்து அது! ஒரு சொல் மிகை கிடையாது. எங்கே சந்தேகம் வருமோ அங்கே ஒரு படம். எங்கே தப்புப் பண்ணுவோமோ அங்கே ஒரு எச்சரிக்கை. வீணை எதற்கு என்றுகூட இருந்தது. கூட்டின் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையாம். நாற்பத்தோராம் பக்கத்தில் அவள் தேடியது கிடைத்தது: 'நீல வட்டத்தை மூன்று நொடி அழுத்திப் பிடிக்கவும். பிறகு மேல்நோக்கித் தள்ளவும். தும்பிகள் எழும்.'

"மூணு நொடி! கொஞ்சம் அழுத்திப் பிடிச்சு மேல தள்ளியிருந்தா முடிஞ்சிருக்கும், பாவி நான்," என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். காகிதம் ஏது, முழங்கையில் எழுதிக்கொண்டாள். கதவைத் தாண்டும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். எழுந்திருந்த வெள்ளத்துரை கட்டத்தை அமுக்கியிருந்தான்.

"நீங்கதான் படிச்சிட்டியளே மைனி!"

சண்டை போட நேரமில்லை. வீட்டுக்கு வந்தபோது நான்கு பூக்கள் காம்பு மஞ்சளித்துத் தொங்கின. அரசி மூச்சைப் பிடித்துக்கொண்டு வட்டத்தை மூன்று நொடி அழுத்தினாள், மேலே தள்ளினாள். திரை சிவப்பானது.

'கவனிக்கவும். இந்தச் செயலை முதல் முயற்சியிலேயே சரியாகச் செய்த மனிதர் இதுவரை எவரும் இல்லை. நீங்கள் ஓர் இயந்திரம் என்று ஐயுறுகிறோம். மனிதர் என்று நிறுவ, கீழுள்ள நூற்று நாற்பது பக்க உறுதிமொழியைப் படித்து ஒப்புதல் தரவும்.'

அரசி இப்போது திருந்திய பெண் அல்லவா? பொறுமையாக முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வரிக்கு வந்தபோது திரை இன்னும் சிவந்தது.

'நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஐயம் வலுக்கிறது.'

"நான் மனுஷிதான்! அதான் ஒழுங்கா படிக்கேன்ல!"

'மூன்றாவது வரி. ஐயம் மிகவும் வலுக்கிறது. இன்னும் பத்து நொடியில் கூடம் பூட்டப்படும்.'

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, திரையைப் பார்க்காமலே அடியில் இருந்த கட்டத்தை அமுக்கினான்.

'நன்றி. நீங்கள் மனிதர்தாம். நல்வரவு.'

நாற்பது தும்பிகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் 'ர்ர்ர்' என்று கேட்ட சத்தத்துக்கு ஈடாக எந்த வீணையும் அரசி கேட்டதில்லை. அன்றைக்கே மற்றக் கூடக்காரர்களுக்கும் மூன்று நொடிச் சங்கதியைச் சொல்லியனுப்பினாள். பன்னிரண்டாம் நாள் சொர்ணலிங்கம் எண்பத்து மூன்று பிஞ்சுகளை எண்ணி, எச்சில் விழுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் ஊரே எண்ணெய்க் கத்திரிக்காய் தின்றது. வெள்ளத்துரை இரண்டு தடவை வந்து சாப்பிட்டான். அவன் வரைக்கும் அது பெரிய உழைப்பு.

இனிமேல் எதையும் படிக்காமல் அமுக்குவதில்லை என்று அரசி ஊரறியச் சபதம் செய்திருந்தாள். எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் ஒன்பதாம் பதிப்பு வந்தது. எழுபது பக்கக் கையேடு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்றாம் பக்கத்தைப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் பாதி போனபோது அடுப்பில் கடுகு வெடித்தது.

"படிச்சாத்தான் அது நம்மள மிஷின்னு சந்தேகப்படுதே," என்று தளவாயைப் பார்த்துச் சொன்னாள்.

"அதானே, வீண் வம்பு எதுக்கு?" என்றான் அவன்.

அரசி நிம்மதியாகக் கட்டத்தை அமுக்கிவிட்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது நீல வட்டத்தைக் காணோம்.