பெயர்கள் ஓடி முடியும் வரை

உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. சின்னதாக ஒரு 'சடக்'.

"அது என் கண்ணாடி," என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். கோபமே இல்லை குரலில்... வெறும் களைப்பு.

அவள் பதறி எழுந்தாள். குனிந்து தடவினால் ஒரு கம்பி இந்தப் பக்கம், ஒரு சில்லு அந்தப் பக்கம். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். காதல் கதை என்றால் முதல் பார்வை என்று ஒன்று வேண்டுமே? இவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவளுக்கு அவன் ஒரு நீலச் சட்டை. அவனுக்கும் மருந்து விட்டிருந்தார்கள். அவனுக்கு அவள் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. அவ்வளவுதான்.

"கண்ணாடியப் போய் நாற்காலியில வைப்பாங்களா?" என்றாள். தப்பு தன் பேரில் என்றால் அவளுக்கு முதலில் வாய்தான் நீளும்.

"நாற்காலியில என்ன இருக்குன்னு பாக்காம உட்காருவாங்களா?"

"பாக்க முடிஞ்சா நான் ஏங்க இங்க வரேன்..."

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. யாரோ ஒருவன் சிரித்ததைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள்... கணக்குக்கே வரவில்லை.

கீழே கண்ணாடிக் கடையில் புதுசு போட்டுக்கொள்வதாகவும், வியாழக்கிழமை கொடுத்துவிடுவார்கள் என்றும் அவனே சமாதானம் சொன்னான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவளைக் கொண்டுவந்து விட்ட அக்கா, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். போனைப் பார்க்க முடியாது, படிக்க முடியாது, எழுந்து போகவும் முடியாது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்தே பிழைக்கிற இரண்டு பேருக்கு, பேசுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

அவன் மொழிபெயர்ப்பாளன். ஜப்பானிய வீடியோ கேம்களில் வரும் வசனங்களைத் தமிழில் எழுதுகிறவன். ஒரே தொடர், பதினோரு வருஷம் என்றான். இருபத்திரண்டு வருஷம் ஓடிய ஒன்பது பாகக் கதை அது. கடைசிப் பாகம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது. இவ்வளவு சொல்லிவிட்டு, "நீங்க கேம் விளையாடுவீங்களா?" என்று கேட்டான்.



அவளுக்கு வேலையே அதுதான். இணையப் பத்திரிகை ஒன்றில் கேம் விமர்சனம் எழுதுகிறாள். 'கறார்' என்ற பெயரில் எழுதுவாள். குணமும் அதுதான் என்பார்கள் ஆபீசில். அந்தக் கடைசிப் பாகம் விமர்சகர்களுக்கு மட்டும் முன்கூட்டியே வந்திருந்தது. ஆறு நாளில் எண்பது மணி நேரம் விளையாடி, கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகி, பத்துக்கு ஆறு போட்டிருந்தாள். மற்ற எல்லோரும் ஒன்பது, ஒன்பதரை. 'நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னீங்க' என்று கேமை இன்னும் பார்த்தேயிராத வாசகர்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பத்திரிகை ஆசிரியருக்கு ஒரே குஷி.

"எனக்கென்ன தெரியும்... அண்ணன் பையன் விளையாடுவான்," என்றாள். அவளுக்கு அண்ணனே கிடையாது.

அந்தப் பொய்தான் அவன் வாயைத் திறந்துவிட்டது. வெளியாகும் வரை யாரிடமும் முடிவைப் பற்றிப் பேசக்கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். கேமே தெரியாத இவளிடம் சொன்னால் என்ன... அவன் மெதுவாக, யாரையும் திட்டாமல் சொன்னான். முதல் பாகத்தில் அண்ணன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, 'எப்ப வருவே?' என்று தங்கை கேட்கிறாள். ஒன்பது பாகமாக அதற்குப் பதிலே இல்லை. கடைசிப் பாகம் முடிந்து, உழைத்தவர்கள் பெயரெல்லாம் முப்பத்தெட்டு நிமிஷம் திரையில் ஓடுகிறது. அது முடிந்ததும் திரை இருட்டாகி, பிறகு அந்த வீட்டு வாசல் வருகிறது. பதில் அங்கேதான் இருக்கிறது.

"கறார்னு ஒருத்தர். 'தங்கையின் கேள்விக்குப் பதில் சொல்லாமலே முடித்துவிட்டார்கள், மொழிபெயர்த்தவர்களுக்கே தூக்கம் வந்திருக்கும்'னு எழுதியிருக்காங்க," என்றான். "பேரு ஓட ஆரம்பிச்சதும் அணைச்சிட்டுப் போயிருக்காங்க, பாவம். அந்தக் கடைசி ரெண்டு வரிக்கு மட்டும் நான் மூணு வாரம் உட்கார்ந்தேன்."

பாவம் என்றானே... திட்டியிருந்தால் தேவலை. அவன் குரல் அப்படியே இதமாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, மருந்தின் கண்ணீரோடு அதுவும் கலந்து ஓடியது, நல்லவேளை யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அக்கா வந்து கையைப் பிடித்து எழுப்பியபோது, போய் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். யார் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். உண்மைதான். விளையாடி முடித்த அன்றைக்குப் பெயர்கள் ஓட ஆரம்பித்த நிமிஷமே அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு அலுப்பு... மாலைக்குள் கட்டுரை போயாக வேண்டும் வேறு. இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. இருந்தும் அவளைப் போல ஓடுகிற எல்லோரும் எப்போதாவது செய்கிற தப்பு.

பெயர்கள் ஓடின. படம் வரைந்தவர்கள், இசை போட்டவர்கள், தவறு கண்டுபிடிப்பவர்கள்... முப்பத்தோராவது நிமிஷத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு என்று ஒன்பது பெயர்கள் வந்தன. இதில் அவன் யார்? பெயர்கூடக் கேட்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இருட்டு. பிறகு வாசல். நரைத்த தலையோடு அண்ணன் நிற்கிறான். "வந்துட்டேன்," என்கிறான். கதவைத் திறந்த தங்கை அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள். எங்கே போனாய், ஏன் போனாய், எதுவும் கேட்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்கிறாள்.

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

ஆசிரியரிடம் போனில் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டு வரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடச் சொன்னார், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். முடியாது, கட்டுரைக்கு மேலேயே நான் முழுசாகப் பார்க்கவில்லை என்று எழுத வேண்டும் என்றாள் அவள். அப்படியானால் கொஞ்ச நாளைக்குப் பெரிய கேம் எதுவும் உனக்கு வராது, ஊர் சிரிக்கும் என்றார் அவர். ஊர் சிரிப்பதை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. ஏழு வருஷமாகச் சம்பாதித்த பெயர்... முகமே சரியாகத் தெரியாத ஆளுக்காகவா இதெல்லாம் என்று அக்கா வேறு மடக்கினாள். அவருக்காக இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அக்கா நம்பவில்லை. அவளுக்கும் நம்பிக்கை இல்லை.

புதன்கிழமை மத்தியானம் அந்தக் குறிப்பு வெளியானது. சாயந்திரத்துக்குள் நேற்று கொண்டாடியவர்களே கழுவிக் கழுவி ஊற்றினார்கள். படித்தாள், எல்லாவற்றையும் படித்தாள், படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கே கண்ணாடிக் கடையில் போய் உட்கார்ந்தாள். பதினொன்றரைக்கு ஒருவன் வந்து கவுன்ட்டரில் சீட்டை நீட்டினான். அந்தக் குரல்... இப்போதுதான் முகம் பார்த்தாள். காதோரம் நரை, இரண்டு நாள் தாடி. கண்கள் மட்டும், அடடா, எதையும் மறைக்கத் தெரியாத கண்கள். எத்தனையோ ராத்திரி தூங்காத கண்கள்தான், ஆனாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

"கண்ணாடி ரெடியாயிடுச்சா?" என்றாள்.

அவன் சட்டென்று திரும்பினான். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் வந்து, ஒரு நல்ல சேதி என்றான். அந்தக் கறார் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாராம், இந்தத் தொழிலில் யாரும் இப்படிச் செய்து அவன் பார்த்ததே இல்லையாம். ஆபீசில் எல்லோரும் சத்தமாக வாசித்துக் காட்டினார்களாம்.

சும்மா இருந்திருக்கலாம். அண்ணன் பையனைப் பற்றி இன்னும் இரண்டு பொய் சொல்லிவிட்டு, இந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கப் போயிருக்கலாம்.

"அது நான்தான்," என்றாள்.

சிரிப்பு மெல்ல இறங்கியது. கவுன்ட்டர்காரர் புதுக் கண்ணாடியை வைத்துவிட்டு, நிலைமையைப் பார்த்து உள்ளே போய்விட்டார்.

"அன்னைக்கு என்னை அவ்வளவு பேச விட்டீங்க..."

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"தைரியம் இல்ல. நீங்க பாவம்னு சொன்னீங்களே... அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

அவன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளை முழுசாகப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவள் பிடரி வரை சிவந்தாள், ஆனாலும் தலையைக் குனியவில்லை.

"ஆறுல இருந்து ஏழுதான ஆக்கியிருக்கீங்க," என்றான் கடைசியில். "மன்னிப்புக் கேட்டவங்க ஒரு ஒன்பது போடக்கூடாதா?"

"நடுவுல இருபது மணி நேரம் நிஜமாவே இழுவைங்க. பொய் சொல்ல முடியாது."

"அந்த இழுவைய நான் ரெண்டு வருஷம் மொழிபெயர்த்தேன்," என்றான். "எனக்குத் தெரியாதா..."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். களைத்துப்போனவர்கள் சிரிக்கிற சிரிப்பு, பாதியிலேயே நின்றுபோனது.

"எனக்கு இன்னும் கோபம் போகல," என்றான் அவன்.

"போக வேண்டாம், இருக்கட்டும். நான் ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்." அவனை நேராகப் பார்த்தாள். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. ரொம்ப. எழுதச் சொன்னா நல்லா எழுதுவேன்... சொல்லத்தான் வரல."

அவன் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டான். பதினோரு வருஷமாக வார்த்தை தேடுவதையே தொழிலாக வைத்திருந்தவன். அவள் பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போய்விட்டாள்.

"எனக்கும்தான்," என்றான். அவ்வளவுதான் வந்தது.